எட்டு சேனல் என்று போட்டிருந்தால் போதுமா? பி.ஓ.இ. பெட்டி, ஸ்விட்ச், கணினி, நாஸ்: கேமரா ரெக்கார்டர் ஒப்பீடு

எந்தக் கேமரா வாங்குவது என்று வாரக்கணக்கில் அலசுபவர்கள்கூட, ரெக்கார்டர் என்று வந்ததும் "எட்டு கேமரா, அதனால் எட்டு சேனல்" என்று அரை நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். அதன்பிறகு வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ராத்திரியானால் இரண்டு கேமரா மட்டும் ஏன் காணாமல் போகிறது? ஒரு மாதம் நிற்கும் என்றார்கள், பதினோராம் நாளே ஏன் அழிகிறது? போனில் சரியாகத் தெரிவது டிவியில் ஏன் திக்குகிறது? இவற்றில் எதற்கும் சேனல் எண்ணிக்கையில் பதில் இல்லை.

ஐ.பி. கேமராவின் (நெட்வொர்க் வழியே படம் அனுப்பும் கேமரா) படத்தைப் பதிவு செய்ய இப்போது புழக்கத்தில் உள்ள வழிகள் நான்கு. ஒன்று, பின்பக்கத்திலேயே பி.ஓ.இ. (ஒரே நெட்வொர்க் கேபிளில் மின்சாரமும் படமும் போகும் முறை) போர்ட்டுகள் உள்ள என்விஆர் (நெட்வொர்க் வீடியோ ரெக்கார்டர்) பெட்டி. இரண்டு, போர்ட் இல்லாத என்விஆர், கூடவே பல கேபிள்களை இணைக்கும் பி.ஓ.இ. ஸ்விட்ச் ஒன்று தனியாக. மூன்று, ஒரு கணினியில் புளூ ஐரிஸ், ஃப்ரிகேட் போன்ற மென்பொருள். நான்கு, சினாலஜி, கியூநாப் வகை நாஸ் (நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புக் கருவி) சர்வரில் ஓடும் கண்காணிப்பு மென்பொருள். நான்கும் செய்வது ஒரே வேலைதான். எது எந்த இடத்தில் காலை வாரும் என்பதில்தான் வித்தியாசம்.

## முதலில் கணக்கு

எத்தனை நாள் நிற்கும்? நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் வரும் படம் ஒரு நாளைக்கு 10.8 ஜிபி இடம் பிடிக்கும். இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றது எல்லாம் பெருக்கல்தான். 4 மெகாபிக்சல் கேமரா, ஹெச்.265 (படத்தைச் சுருக்கும் முறை), நொடிக்கு 15 முதல் 20 ஃபிரேம் என்றால் சுமார் 4 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்) என்று வைத்துக்கொள்ளலாம். எட்டு கேமராவுக்கு 32 எம்பிபிஎஸ், நாளொன்றுக்கு 345.6 ஜிபி. 4 டிபி டிஸ்க் பதினொன்றரை நாளில் நிரம்பி, பழைய பதிவை அழிக்கத் தொடங்கும். முப்பது நாள் வேண்டுமென்றால் 10.4 டிபி தேவை, அதாவது 12 டிபி டிஸ்க்.

அசைவு இருந்தால் மட்டும் பதிவு என்று வைத்தால் இடம் மிச்சமாகும்தான். ஆனால் மரக்கிளை ஆடும் வாசலில் நாள் முழுக்க அசைவுதான். மழை இரவில் அகச்சிவப்பு வெளிச்சத்தில் ஒவ்வொரு துளியும் அசைவுதான். அதோடு, அசைவு என்று கேமரா உணராத நேரத்தில்தான் நமக்கு வேண்டியது நடந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே நல்ல வழி ஒன்று உண்டு. கேமரா அனுப்பும் இரண்டு ஸ்ட்ரீம்களில் தரம் குறைந்த துணை ஸ்ட்ரீமை (0.5 எம்பிபிஎஸ், நாளுக்கு 5.4 ஜிபி) இடைவிடாமல் பதிவு செய்துகொண்டு, முதன்மை ஸ்ட்ரீமை நிகழ்வு நேரத்தில் மட்டும் பதிவது. எல்லாப் பெட்டியிலும் இந்த வசதி கிடையாது. வாங்கும் முன் கையேட்டைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

டிஸ்க் தாங்குமா? கண்காணிப்புக்கென்றே வரும் டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் டிஸ்க்குகளின் வேலைச்சுமை வரம்பு ஆண்டுக்கு 180 டிபி. மேலே சொன்ன 32 எம்பிபிஎஸ் ஆண்டுக்கு 126 டிபி எழுதும், வரம்புக்குள் அடங்கிவிடும். அதே எட்டு கேமராவும் 4கே (8 மெகாபிக்சல்) ஆகி, ஒவ்வொன்றும் 8 எம்பிபிஎஸ் தந்தால் 252 டிபி. இப்போது வரம்பு தாண்டிவிட்டது. சுமையை இரண்டு டிஸ்க்குகளுக்குப் பிரிக்க வேண்டும், அல்லது 550 டிபி வரம்புள்ள பர்ப்பிள் புரோ, ஸ்கைஹாக் ஏஐ வரிசைக்குப் போக வேண்டும். பழைய கணினியில் இருந்து கழற்றிய டிஸ்க்கைப் போட்டால் ஓடாமல் போகாது. எப்போது நிற்கும் என்பதுதான் தெரியாது.

உள்வரும் வேகம். தரவுத்தாளில் பலர் தாண்டிப்போகும் வரி இது. 16 சேனல் பெட்டியின் உள்வரும் வேகம் 80 எம்பிபிஎஸ் என்றால் கேமராவுக்கு 5 எம்பிபிஎஸ்தான். 16 கேமராவும் 4கே தரத்தில் போட முடியாது. போட முயன்றால் கடைசி சில கேமராக்களைச் சேர்க்கும்போது பெட்டி மறுக்கும், அல்லது படத்தின் தரத்தைக் குறைக்கச் சொல்லும். பதினாறு சேனல் என்ற எண் பொய்யில்லை. எந்தத் தரத்தில் பதினாறு என்பதைத்தான் அட்டைப்பெட்டி சொல்வதில்லை.

டிகோடிங், அதாவது சுருக்கிய படத்தை விரிப்பது. பதிவு செய்ய டிகோடிங் வேண்டியதில்லை. வருகிற ஸ்ட்ரீமை அப்படியே டிஸ்க்கில் எழுதினால் போதும். திரையில் காட்டும்போதுதான் அது தேவை. "2 சேனல் 8 மெகாபிக்சல் அல்லது 8 சேனல் 2 மெகாபிக்சல்" என்று தரவுத்தாளில் இருந்தால், 4கே படத்தை ஒரே நேரத்தில் இரண்டு மட்டுமே முழுத் தரத்தில் காட்ட முடியும். எட்டுக் கட்டமாகப் பார்க்கையில் பெட்டி துணை ஸ்ட்ரீமைக் காட்டிச் சமாளித்துவிடும். நான்கு கேமராவின் பழைய பதிவை ஒரே நேரத்தில் ஓட்டிப் பார்க்கும்போதுதான் திக்கும். டிவி திக்கினால் பதிவும் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். அந்த ஒரு கேமராவை மட்டும் தனியாகத் திறந்து பாருங்கள்.

வேறு நிறுவனக் கேமரா. ஆக்ஸிஸ், பாஷ், சோனி மூன்றும் சேர்ந்து 2008ல் தொடங்கிய ஆன்விஃப் அமைப்பின் நெறிமுறை இருந்தால் படம் வந்துவிடும். புரொஃபைல் எஸ் என்றால் அடிப்படை ஸ்ட்ரீமிங், ஹெச்.265க்கு புரொஃபைல் டி (T) பாருங்கள். ஆனால் 'மனிதர்', 'வாகனம்', 'கோடு தாண்டுதல்' போன்ற புத்திசாலி நிகழ்வுகள் நிறுவனம் மாறினால் பெரும்பாலும் வந்து சேராது, வெறும் அசைவுதான் வரும். கேமராவில் காசு கொடுத்து வாங்கிய ஏஐ, ரெக்கார்டரில் செல்லாக்காசாகிவிடும். ஹெச்.265+ போன்ற சொந்தச் சுருக்க முறைகளும் அப்படியே: அந்தந்த நிறுவனப் பெட்டியோடுதான் ஒத்துப்போகும், வெளியே போனால் அவற்றை அணைத்துவிட வேண்டும். அணைத்தால் பிட்ரேட் (நொடிக்கு வரும் மெகாபிட்) கூடும், நாள் கணக்கு குறையும். முதல் கணக்கை மறுபடி போட வேண்டும்.

யார் பார்த்துக்கொள்வார்கள்? எல்லாவற்றையும்விடக் கனமான கேள்வி இது. ரெக்கார்டர் நின்றுபோனது பெரும்பாலும் பதிவு தேவைப்படும் நாளில்தான் தெரியவருகிறது. அன்றைக்கு அந்தப் பெட்டியின் முன் உட்காரப்போவது யார், அவருக்கு மவுஸ் பிடிக்கத் தெரிந்தால் போதுமா, அல்லது லினக்ஸ் தெரிய வேண்டுமா? கீழே உள்ள நான்கில் எதை எடுப்பது என்பதில் பாதி இந்தக் கேள்விக்கான பதில்தான்.

## பி.ஓ.இ. போர்ட்டுள்ள பெட்டி

கேபிளைக் குத்தினால் படம் வரும். பெட்டி உள்ளுக்குள் தனியாக ஒரு நெட்வொர்க் அமைத்து, கேமராக்களுக்குத் தானே ஐ.பி. முகவரி கொடுத்துக்கொள்கிறது. கேமரா நேரடியாக இணையத்தைத் தொட முடியாது என்பதால் பாதுகாப்புக்கும் நல்லது. ஒரே நிறுவனத்தின் கேமராவும் பெட்டியும் என்றால் கேமராவைக் கண்டுபிடிப்பது, கடவுச்சொல் வைப்பது எல்லாம் பத்து நிமிட வேலை.

மறைந்திருக்கும் செலவு மின்சாரத்தில் இருக்கிறது. 802.3ஏஎஃப் என்ற பி.ஓ.இ. நெறிமுறைப்படி ஒரு போர்ட் 15.4 வாட் தரும். கேமராவுக்குப் போய்ச் சேர உத்தரவாதம் 12.95 வாட். 802.3ஏடி என்றால் 30 வாட், சேர்வது 25.5. இது ஒவ்வொரு போர்ட்டின் உச்சவரம்பு. எல்லாப் போர்ட்டுக்கும் சேர்த்து பெட்டி தரும் மொத்த வாட் வேறு எண். எட்டுப் போர்ட், மொத்தம் 65 வாட் என்றால் சராசரியாக 8 வாட்தான் கிடைக்கும்.

விளைவு எப்படி இருக்கும் தெரியுமா? பகல் முழுக்க எட்டும் சரியாக ஓடும். அந்தி சாய்ந்து அகச்சிவப்பு விளக்குகள் எரிந்ததும் ஒவ்வொரு கேமராவின் இழுவையும் 4 வாட்டிலிருந்து 8, 9 வாட்டுக்கு ஏறும். மொத்தம் வரம்பைத் தொட்டதும் பெட்டி ஏதாவது ஒரு போர்ட்டை நிறுத்தும். அந்தக் கேமரா அணைந்து, மறுபடி எழுந்து, விளக்கைப் போட்டு, மறுபடி அணையும். விடிந்ததும் எல்லாம் சாது. பழுது பார்க்க வருபவர் பகலில் வந்து, ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போவார். அல்லது கேமராவை மாற்றுவார், புதிய கேமராவும் அன்றிரவே அதையே செய்யும். பெட்டியின் மெனுவில் பி.ஓ.இ. பக்கத்தைத் திறந்தால் போர்ட் வாரியாக வாட் காட்டும். அதை இரவில் ஒருமுறை பார்த்தால் வழக்கு முடிந்தது.

மொத்த வாட் போதுமான அளவு இருந்தும் இதே தொல்லை வந்தால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். விலை குறைந்த சில கேபிள்களில் கம்பி சுத்தச் செம்பாக இருக்காது. அலுமினியத்தின் மேல் செம்பு பூசியிருக்கும். மின்சாரத்தை எதிர்க்கும் அளவு செம்பைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 70, 80 மீட்டர் தூரத்தில் வோல்டேஜ் இறங்கி, கேமரா விளக்குப் போடும்போதெல்லாம் தடுமாறும். ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்துவிடும்.

இன்னும் சில சில்லறைப் பொறிகள். "8 சேனல்" என்று இருக்கும், பின்னால் திருப்பினால் 4 போர்ட்தான் பி.ஓ.இ. ஆக இருக்கும். டிஸ்க் விலையில் சேராது. ஒரு டிஸ்க் தட்டு எவ்வளவு டிபி வரை ஏற்கும் என்பதற்கும் வரம்பு உண்டு. மின்விசிறி சிறியது, சுழலும் சத்தம் பெரியது, படுக்கையறை அலமாரியில் வைக்க முடியாது. எல்லாக் கேபிளும் பெட்டி வரை வந்தாக வேண்டும் என்பதால், பெட்டி எங்கே இருக்கிறது என்பதை கேபிள் கொத்தே காட்டிக்கொடுத்துவிடும். திருடன் பெட்டியையே தூக்கிக்கொண்டு போனால் பதிவும் அதோடு போயிற்று.

பின்னாளில் வேறு மென்பொருளுக்கு மாற நினைத்தால் அந்த உள் நெட்வொர்க் குறுக்கே நிற்கும். கேமராவின் ஸ்ட்ரீமை நேரடியாக எடுக்க முடியாமல் பெட்டி வழியாகத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

இது யாருக்கு? ஒரே கட்டடம், நான்கிலிருந்து எட்டு கேமரா, எல்லாக் கேபிளும் 100 மீட்டருக்குள், எல்லாம் ஒரே நிறுவனம், பராமரிக்க ஆள் இல்லை. வீடுகளிலும் சிறிய கடைகளிலும் முக்கால்வாசிப் பேருக்கு இதுவே போதும். அதற்கு மேல் யோசிக்கத் தேவையில்லாதவர்கள் யோசித்துக் குழப்பிக்கொள்வதையும் நிறையப் பார்க்கலாம்.

## போர்ட் இல்லாத என்விஆர், தனி ஸ்விட்ச்

மாடியில் நான்கு கேமரா, கீழே நான்கு, பின்கட்டில் இரண்டு என்று இருந்தால் பத்துக் கேபிளையும் ஓரிடத்துக்கு இழுப்பது வீண்வேலை. மாடியில் ஒரு சிறிய பி.ஓ.இ. ஸ்விட்ச், அங்கிருந்து கீழே ஒரே ஒரு கேபிள். நான்கு கேமரா தலா 8 எம்பிபிஎஸ் தந்தாலும் 32 எம்பிபிஎஸ்தான், 100 எம்பிபிஎஸ் இணைப்பே தாங்கும். ஸ்விட்சை வாங்கும்போது மொத்த வாட்டை உங்களுக்குப் பிடித்தபடி கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். சுழலும் கேமரா இருந்தால் 802.3ஏடி போர்ட் உள்ளதாகப் பாருங்கள். சில ஸ்விட்சுகளில் நீட்டிப்பு முறை ஒன்று இருக்கும். வேகத்தை 10 எம்பிபிஎஸ் ஆகக் குறைத்து 250 மீட்டர் வரை இழுக்கும். தொலைவில் ஒற்றைக் கேமரா இருந்தால் உதவும்.

ஸ்விட்ச் எரிந்தால் ஸ்விட்சை மட்டும் மாற்றினால் போதும் என்பது பெரிய நிம்மதி. பி.ஓ.இ. பெட்டியில் போர்ட்டுகளை இடி மின்னல் எரித்தால் பெரும்பாலும் பெட்டியே போய்விடும். வெளிப்புறக் கேபிள் அதிகம் உள்ள இடங்களில் இந்த ஒரு காரணமே இந்த வழியைத் தேர்ந்தெடுக்கப் போதும். ரெக்கார்டரையும் யாருக்கும் தெரியாத இடத்தில் ஒளித்துவைக்கலாம், ஒரு கேபிள் போனால் போதும்.

விலை எங்கே என்றால், நெட்வொர்க் பொறுப்பு உங்கள் தலையில். கேமராக்கள் வீட்டு ரூட்டரிடமே முகவரி வாங்கும்படி விட்டுவிட்டால், ஒரு மின்தடைக்குப் பிறகு மூன்றாவது கேமராவின் முகவரி ஐந்தாவதுக்குப் போய்விடலாம். ரெக்கார்டர் பழைய முகவரியில் பழைய கடவுச்சொல்லோடு திரும்பத் திரும்பக் கதவைத் தட்டும். கேமரா "தவறான கடவுச்சொல்" என்று எண்ணி உள்நுழைவையே பூட்டிவிடும். எல்லாக் கேமராவுக்கும் ஒரே கடவுச்சொல் வைத்திருந்தால் இன்னும் வேடிக்கை: பூட்டு விழாது, வாசல் கேமராவின் பெயரில் கொல்லைப்புறம் பதிவாகும். கேமரா ஒவ்வொன்றுக்கும் நிலையான முகவரி வையுங்கள், அல்லது ரூட்டரில் அந்த முகவரியை ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டாவது, கேமராக்கள் இப்போது மற்ற சாதனங்களோடு ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றன. விலான் (ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனிப் பகுதிகளாக்கும் முறை) பிரிக்கத் தெரிந்தால் பிரியுங்கள். தெரியாவிட்டால் இரண்டு லேன் போர்ட்டுள்ள ரெக்கார்டர் வாங்கி, ஒன்றில் கேமரா ஸ்விட்ச், இன்னொன்றில் வீட்டு நெட்வொர்க் என்று பிரித்துவிடலாம். மலிவாகக் கிடைக்கும் நல்ல வேலி அது.

## கணினியும் மென்பொருளும்

தேடல், எச்சரிக்கை, பொருள் கண்டறிதல் இவற்றில் பெட்டிகள் பக்கத்தில் வர முடியாது. புளூ ஐரிஸ் விண்டோஸில் மட்டும் ஓடும். காசு கொடுத்து லைசென்ஸ் வாங்க வேண்டும். ஃப்ரிகேட் இலவசம், திறமூலம். டாக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டகமாக ஓட்டும் கருவி) ஓட்டுவது வழக்கம். மைல்ஸ்டோன் எக்ஸ்புரொடெக்டின் எசென்ஷியல்+ பதிப்பு 8 கேமரா வரை இலவசம். எந்த நிறுவனக் கேமராவும் கலந்து போடலாம். நாளைக்கு மென்பொருள் பிடிக்கவில்லை என்றால் கேமராவைத் தொடாமலே மாற்றிக்கொள்ளலாம்.

பழைய டெஸ்க்டாப் சும்மாதானே கிடக்கிறது என்று தொடங்குபவர்கள் மின்கட்டணத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 1 வாட் ஆண்டு முழுக்க ஓடினால் 8.76 யூனிட். 70 வாட் இழுக்கும் டெஸ்க்டாப் ஆண்டுக்கு 613 யூனிட். டிஸ்க்கோடு 15 வாட் இழுக்கும் என்விஆர் 131 யூனிட். இன்டெல் என்100 போன்ற சிப் உள்ள மினி கணினி இந்த வித்தியாசத்தை ஏறக்குறைய அழித்துவிடும். ஆனால் அதில் 3.5 அங்குல டிஸ்க் வைக்க இடமிருக்காது. யூஎஸ்பியில் வெளி டிஸ்க்கைத் தொங்கவிட்டால் என்றாவது ஒருநாள் இணைப்பு அறுந்து, மென்பொருள் வெற்றிடத்தில் எழுதிக்கொண்டிருக்கும்.

உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியிலேயே பதிவு செய்யலாமே என்றால், கணக்கைப் பாருங்கள். 250 ஜிபி எஸ்எஸ்டிகளில் ஆயுள் முழுக்க எழுதக்கூடிய வரம்பு 150 டிபி அளவில் இருக்கும். நம் எட்டு கேமரா ஆண்டுக்கு எழுதுவது 126 டிபி. ஒன்றேகால் வருடத்துக்குள் வரம்பு முடிந்துவிடும், அதற்குள் ஒரு நாள் பதிவுகூட அதில் முழுதாக நிற்காது. எஸ்எஸ்டியில் இயங்குதளமும் தரவுத்தளமும், பெரிய டிஸ்க்கில் வீடியோ என்று பிரிப்பதே முறை.

அமைப்பில் தவறுவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான்:

- கேமராவில் ஐ-ஃபிரேம் இடைவெளி (ஒரு முழுப்படத்துக்கும் அடுத்த முழுப்படத்துக்கும் இடையிலான ஃபிரேம் எண்ணிக்கை). நொடிக்கு 15 ஃபிரேம் என்றால் இடைவெளியும் 15. சொந்தச் சுருக்க முறை இதைத் தன்னிஷ்டத்துக்கு நீட்டும். பதிவின் தொடக்க விநாடிகள் காணாமல் போவதற்கு இதுதான் காரணம்.
- கண்டறிதலுக்குத் துணை ஸ்ட்ரீம், பதிவுக்கு முதன்மை ஸ்ட்ரீம். ஃப்ரிகேட்டில் கண்டறிதலுக்கு நொடிக்கு 5 ஃபிரேம் போதும். 4கே ஸ்ட்ரீமைக் கண்டறிதலுக்குக் கொடுத்துவிட்டு சிபியு 100 சதவீதம் என்று புலம்புபவர்கள் அதிகம்.
- பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) "மின்சாரம் திரும்பியதும் தானே இயங்கு" என்ற அமைப்பு. வாங்கும்போது இது பெரும்பாலும் அணைந்தே இருக்கும். அதிகாலை மூன்று மணிக்கு ஒரு நிமிட மின்தடை வந்தால் கணினி காலை வரை தூங்கும்.
- விண்டோஸ் தானாகப் புதுப்பித்து, மறுதொடக்கம் ஆகி, உள்நுழைவுத் திரையில் நிற்பது. மென்பொருளைப் பின்னணிச் சேவையாக ஓடவிடுங்கள். ஆன்டிவைரஸ் பதிவுக் கோப்புறையைத் துழாவாமல் விலக்கு கொடுங்கள்.

யாருக்கு? மரக்கிளை, பூனை, கார் விளக்கு என்று பொய் எச்சரிக்கையில் சலித்தவர்கள், பல நிறுவனக் கேமரா கலந்து வைத்திருப்பவர்கள், வீட்டுத் தானியங்கி அமைப்போடு இணைக்க விரும்புபவர்கள். ஒரே நிபந்தனை, அமைத்தவரே கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். அவர் வெளியூர் போன வாரத்தில் பழுதானால், வீட்டிலுள்ள வேறு யாருக்கும் அந்தக் கறுப்புத் திரை விளங்காது.

## நாஸ் சர்வர்

ஏற்கெனவே நாஸ் இருந்தால் பார்க்க வேண்டிய வழி. இதற்காகவே புதிதாக வாங்குவது அரிதாகத்தான் நியாயமாகும். சினாலஜியின் கண்காணிப்பு மென்பொருள் நன்றாகவே இருக்கிறது, ஆனால் நாஸோடு பொதுவாக 2 கேமரா லைசென்ஸ்தான் வரும். மூன்றாவது கேமராவிலிருந்து ஒவ்வொன்றுக்கும் காசு. எட்டு கேமராவுக்கு ஆறு லைசென்ஸ் விலையைக் கூட்டிப் பார்த்தால் பலருக்கும் ஆசை விட்டுப்போகும். கியூநாப்பின் கியூவிஆர் புரோவில் 8 சேனல் இலவசம்.

பெரும்பாலான நாஸ்களில் திரைக்கு நேரடி இணைப்பு கிடையாது. வாசலைக் காட்டும் டிவி ஒன்று எப்போதும் ஓட வேண்டும் என்றால் அதற்குத் தனியாக ஒரு சாதனம் வேண்டும். டிஸ்க் தூங்கவே தூங்காது. குடும்பப் படங்கள் இருக்கும் அதே டிஸ்க்குகளில் இரவும் பகலும் வீடியோ எழுதுவதும் நல்லதல்ல, பதிவுக்கென்று தனி டிஸ்க், தனி வால்யூம் ஒதுக்குங்கள்.

ரெய்டு (ஒரு டிஸ்க் போனாலும் தரவு தப்பும்படி பல டிஸ்க்குகளில் எழுதும் முறை) பாதுகாப்பு பெரிய கவர்ச்சியாகத் தெரியும். கண்காணிப்புப் பதிவில் 99 சதவீதம் யாரும் பார்க்காமலே அழியப்போவது. அதற்காக ஒரு டிஸ்க்கையே தியாகம் செய்வதைவிட, அந்த டிஸ்க்கையும் சேர்த்து நாள் எண்ணிக்கையைக் கூட்டுவது மேல் என்பது என் கருத்து. டிஸ்க் போனால் என்ன செய்வது என்ற பயத்துக்கு, முக்கியமான இரண்டு கேமராவில் மெமரி கார்டு போடுவது மலிவான மருந்து.

நாஸை இணையத்துக்கு நேராகத் திறந்துவிடாதீர்கள். 2021 ஏப்ரலில் கியூலாக்கர், 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்று இரண்டு பணயத்தீம்பொருள் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்) அலைகள் இணையத்தில் திறந்து கிடந்த கியூநாப் கருவிகளைக் குறிவைத்தன. கேமராவை வெளியிலிருந்து பார்க்கத் திறந்த கதவு வழியே குடும்பப் படங்களும் பூட்டப்பட்டால் நஷ்டம் இரட்டிப்பு.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | பி.ஓ.இ. பெட்டி | என்விஆர் + ஸ்விட்ச் | கணினி | நாஸ் |
|---|---|---|---|---|
| அமைக்கும் உழைப்பு | மிகக் குறைவு | நடுத்தரம் | அதிகம் | நடுத்தரம் |
| மறைந்த செலவு | டிஸ்க், போதாத வாட் | ஸ்விட்ச், முகவரி நிர்வாகம் | மின்சாரம், உங்கள் நேரம் | கேமரா லைசென்ஸ் |
| வேறு நிறுவனக் கேமரா | படம் வரும், ஏஐ வராது | அதே | சிக்கலில்லை | படம் வரும், நிகழ்வுகள் மாதிரியைப் பொறுத்தது |
| டிவியில் நேரடிக் காட்சி | உண்டு | உண்டு | உண்டு | பெரும்பாலும் இல்லை |
| இடி விழுந்தால் | பெட்டியே போகலாம் | ஸ்விட்சோடு நிற்க வாய்ப்பு | ஸ்விட்சோடு நிற்க வாய்ப்பு | ஸ்விட்சோடு நிற்க வாய்ப்பு |
| பழுதானால் யார் | எந்தப் பழுதாளரும் | நெட்வொர்க் தெரிந்தவர் | அமைத்தவர் மட்டும் | நாஸ் பழகியவர் |

## பட்டியலில் இல்லாத இரண்டு

பழைய கோஆக்ஸ் கேபிளும் அனலாக் கேமராவும் சுவருக்குள் நன்றாகவே இருந்தால் என்விஆரே வேண்டாம். ஹைபிரிட் டிவிஆர், அதாவது எக்ஸ்விஆர் வாங்கி, பழைய கேபிளிலேயே 5 மெகாபிக்சல் கேமரா மாட்டலாம். கோஆக்ஸ் 100 மீட்டரைச் சுலபமாகத் தாண்டும். எக்ஸ்விஆரில் ஐ.பி. கேமராவும் சில சேர்க்கலாம், எத்தனை என்பதைத் தரவுத்தாளில் பாருங்கள். விலை குறைந்த மாதிரிகளில் 8 மெகாபிக்சல் என்று இருந்தாலும் நொடிக்கு 7, 8 ஃபிரேம்தான் வரும் என்பதையும்.

முழுக்க கிளவுட் என்றால், 4 எம்பிபிஎஸ் கேமரா ஒன்றை இடைவிடாமல் மேலேற்ற மாதத்துக்கு 1.3 டிபி. நான்கு கேமராவுக்கு 16 எம்பிபிஎஸ் அப்லோடு வேகம் இரவும் பகலும் பிடிக்கும். அதனால்தான் அந்தச் சேவைகளில் பல, நிகழ்வு நேரத்துத் துண்டுகளை மட்டும் சேமிக்கின்றன. வாடகை வீட்டில் ஒன்றிரண்டு கேமராவுக்கு அது போதும்.

## எந்த வழி என்றாலும் கதவைச் சாத்துங்கள்

2016ல் மிராய் என்ற தீம்பொருள், மாற்றப்படாத ஆலைக் கடவுச்சொற்களை வைத்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் கைப்பற்றியது. அவற்றைக் கொண்டு அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டைன் (Dyn) என்ற இணைய முகவரிச் சேவை நிறுவனத்தின் மீது நடந்த தாக்குதலில் பெரிய வலைத்தளங்கள் பல முடங்கின. 2021 செப்டம்பரில் ஹிக்விஷன் சரிசெய்த ஓட்டை ஒன்றுக்குக் கடவுச்சொல்லே தேவைப்படவில்லை. ஆகவே பலமான கடவுச்சொல் மட்டும் காப்பாற்றாது. ரூட்டரில் போர்ட் ஃபார்வேர்டிங் (உள்ளே உள்ள கருவிக்கு இணையத்திலிருந்து கதவு திறப்பது) வேண்டாம், அந்தக் கதவைக் கருவிகள் தாமாகவே திறக்கவிடும் யூபிஎன்பியை அணையுங்கள், வெளியிலிருந்து பார்க்க விபிஎன் (வீட்டு நெட்வொர்க்குக்குப் பூட்டிய தனிப்பாதை) வையுங்கள். அது முடியாதவர்கள் நிறுவனத்தின் கியூஆர் வழி இணைப்பைப் பயன்படுத்தலாம்; போர்ட்டைத் திறந்துவிடுவதைவிட அது மேல். வாங்கும் முன் அந்த மாதிரிக்குக் கடைசியாக ஃபர்ம்வேர் (கருவியின் உள் மென்பொருள்) எப்போது வந்தது என்று நிறுவனத் தளத்தில் பாருங்கள். மூன்று ஆண்டாக ஒன்றும் வரவில்லை என்றால் விலை எவ்வளவு இறங்கியிருந்தாலும் விட்டுவிடுங்கள்.

## பொருத்திய முதல் வாரம்

யூபிஎஸ் கணக்கு: எட்டு கேமரா தலா 7 வாட், பெட்டி 20 வாட், மொத்தம் 76 வாட். 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி ஒன்று உள்ள சிறிய யூபிஎஸ் இதை அரைமணி நேரம் தாங்கினால் நல்லது. போனுக்கு எச்சரிக்கை வர வேண்டுமென்றால் ரூட்டரையும் அதே யூபிஎஸ்ஸில் மாட்ட வேண்டும். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

பிறகு மெயின் சுவிட்சை அணைத்து, யூபிஎஸ்ஸையும் அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். யாரும் தொடாமலே எல்லாக் கேமராவும் சரியான பெயரில் திரும்பி வருகின்றனவா, நேரம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். நேரத்தை என்டிபி (இணையம் வழியே சரியான நேரம் தரும்) சர்வரிடம் பெட்டி வாங்க வேண்டும், கேமராக்கள் பெட்டியிடம் வாங்க வேண்டும். பதினேழு நிமிடம் பிந்தி ஓடும் கடிகாரத்தோடு எடுத்த காட்சி விசாரணையில் வாதத்துக்குத்தான் இடம் கொடுக்கும்.

பத்து நிமிடப் பதிவு ஒன்றைப் பென்டிரைவில் எடுத்து, வேறொரு கணினியில் ஓட்டிப் பாருங்கள். சில பெட்டிகள் தங்கள் சொந்த வடிவத்தில்தான் கொடுக்கும், அதற்கான பிளேயரையும் சேர்த்து எடுக்க வேண்டும். எம்பி4 கொடுத்தாலும் ஹெச்.265 எல்லாக் கணினியிலும் ஓடாது. டிஸ்க் பழுது, பதிவு நின்றது ஆகிய இரண்டுக்கும் எச்சரிக்கை ஒலியும் போன் அறிவிப்பும் இயக்கத்தில் உள்ளனவா என்று மெனுவில் பாருங்கள். பீப் சத்தம் தொந்தரவு என்று பொருத்தியவரே அணைத்துவிட்டுப் போயிருப்பார்.

ஏழாவது நாள் டிஸ்க்கில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். எட்டு கேமரா, 32 எம்பிபிஎஸ் கணக்குப்படி 2.4 டிபி இருக்க வேண்டும். அதைவிட மிகக் குறைவாக இருந்தால் ஏதோ ஒரு கேமரா துணை ஸ்ட்ரீமை மட்டும் பதிவு செய்கிறது, அல்லது அசைவு முறையில் இருக்கிறது. மிக அதிகமாக இருந்தால் ஏதோ ஒன்று ஹெச்.264ல் ஓடுகிறது. கேமரா வாரியாக பிட்ரேட்டைத் திறந்து பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.